ஒபர்வில்லியேக்கு வந்த கூந்தல் பாம்பு

1

இந்த நாட்டில் மருந்துக்கடை வாசலில் பாம்பைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பச்சைச் சிலுவை ஒன்று ஓயாமல் மின்னிக்கொண்டிருக்கும். சில கடைகளில் அந்தச் சிலுவையின் நடுவே ஒரு கிண்ணமும் அதைச் சுற்றி ஒரு பாம்பும் இருக்கும். குடிப்பமா விடுவமா என்று யோசிக்கிற பாவனையில் பாம்பு கிண்ணத்துக்குள் எட்டிப் பார்க்கும். நான் பாரிஸில் எங்கட சனத்தின் கடைத்தெருவான லா சப்பலுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தப் பாம்பை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. வதிவிட அனுமதிக் கார்ட் இல்லாத காலத்தில் பொலிஸ் நிற்கிறதா என்று தெருமுனையையே பார்த்துப் பழகிய கண், கார்ட் கிடைத்த பிறகும் மேலே பார்க்கப் பழகவில்லை.

கவனித்தவள் என் மனைவி. லா சப்பலில் மரக்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அந்தச் சிலுவையைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "கண்ட கண்ட இடத்திலை கும்பிடாதையும்" என்று நான் சொன்னால், "நாகம் எங்கை இருந்தாலும் நாகம்தான். நீங்கள் பேசாமல் வாங்கோ" என்பாள். ஒருநாள் மருந்துக்கடைப் பெண் கண்ணாடிக்குள்ளிருந்து இதைப் பார்த்திருக்கிறாள். நாங்கள் உள்ளே போனதும், "பல்வலியா மதாம்?" என்று மிகுந்த கரிசனையோடு கேட்டு ஒரு களிம்பை எடுத்து வைத்தாள். என் மனைவிக்குப் பிரெஞ்சில் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. "வுயி, மெர்சி" என்ற ஓமும் நன்றியும் மட்டும்தான் தெரியும். வாங்கிக்கொண்டு வந்தோம். அந்தக் களிம்பு இன்னும் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில், மாங்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது.

பிரான்சில் உங்களுக்கு என்ன குறை என்று தொலைபேசியில் கேட்கிற ஊர்ச்சனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரிய குறை ஒன்றுமில்லை. போன கோடையில் ஒரு பாம்பு வந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

2

முதலில் என்னைப் பற்றி. நான் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் குசினி வேலை. மாட்டிறைச்சியை இரத்தம் சொட்டச் சொட்டச் சுட்டுக் கொடுக்கிற சைவன். வீடு லெ பிளாங்-மெனில் என்ற புறநகரில். ஒரே மகள், ஆரணி. இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். ஒரு மேசையில் இரண்டு வானொலியைத் திறந்துவைத்த மாதிரி இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம். ஆனால் ஒன்று, அவளுக்குத் தமிழ் விளங்கும். அயலட்டையைப் பற்றி நானும் மனைவியும் மெல்லக் கதைப்பதுகூட நூற்றுக்கு நூறு விளங்கும். வாய்தான் திறக்காது.

இந்தப் பிள்ளை படிப்பது பழைய காசு. கிரேக்கரும் ரோமரும் அடித்த நாணயங்களில் வருகிற பாம்புகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதுகிறாள். இதை நான் லா சப்பலில் எப்படிச் சொல்வது? "மகள் என்ன செய்யிறா?" என்று கேட்பார்கள். "சரித்திரம்" என்பேன். "ஓ" என்பார்கள். செத்த வீட்டில் சொல்கிற "ஓ" அது. அப்படிக் கேட்கிறவருடைய மகள் கட்டாயம் மருந்தாளராக இருப்பாள். யோசித்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் அதே பாம்புதான். அவருடைய மகளுக்கு அது வெள்ளை அங்கியும் மாதச் சம்பளமும் கொடுத்திருக்கிறது. என் மகளுக்குக் கண்ணாடியின் தடிப்பைக் கூட்டியிருக்கிறது.

மருந்துக்கடைப் பாம்பின் கதையை எனக்குச் சொன்னவளும் அவள்தான். கிரேக்கருக்கு நோய் தீர்க்கும் கடவுள் ஒருவர் இருந்திருக்கிறார். அவருடைய தடியில் பாம்பு. அவருடைய மகளின் கையில் ஒரு கிண்ணம், அதிலும் பாம்பு வந்து குடிக்கும். நோயாளிகள் கோயிலில் போய்ப் படுப்பார்களாம். நித்திரையில் கடவுளோ பாம்போ வந்து போகுமாம். காலையில் சுகமாகி எழும்பிப் போவார்களாம். எனக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தபோது இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் நானும் அப்படித்தான் படுத்துக் கிடந்தேன். விடியும்வரை ஒரு பாம்புகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.

ஒருநாள் அவள் படங்களை மேசையில் பரப்பி வைத்திருந்தாள். பெர்கமோன் என்ற ஊரின் வெள்ளிக்காசில், மூடி பாதி திறந்த கூடைக்குள்ளிருந்து ஒரு பாம்பு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அலெக்சாந்திரியாக் காசில் ஒரு பாம்பு கிரீடம் வைத்துக்கொண்டு ராசா மாதிரி நிமிர்ந்து நின்றது. அது வீட்டைக் காக்கிற நல்ல பாம்பாம். ரோமில் கொள்ளைநோய் வந்தபோது கடல் கடந்து போய்க் கிரேக்கக் கோயிலின் பாம்பைக் கப்பலில் ஏற்றி வந்தார்களாம். கப்பல் ஆற்றுக்குள் நுழைந்ததும் பாம்பு இறங்கி நீந்தி ஒரு தீவில் ஏறியதாம். அந்த இடத்தில் கோயில் கட்டினார்களாம்.

"இதென்ன புதினம், எங்கட நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலும் அதுதானே" என்றேன். அம்மனுக்குப் பூ கொண்டு கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் துரத்திய கதையைச் சொன்னேன். பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்கிறாளே என்ற உற்சாகத்தில் ஊரில் எங்கள் வீட்டு விறகுக் குவியலுக்குள் வந்த நல்லபாம்பின் கதையையும் எடுத்துவிட்டேன். மாமா அதை ஒரே அடியில் அடித்துப் போட்டார். அடித்த கையோடு எல்லாருக்கும் பயம் பிடித்துவிட்டது. அம்மா பால் ஊற்றினார். செத்த பாம்பின் வாயில் ஒரு செப்புக்காசை வைத்து, ஆளுக்குச் செய்கிற மாதிரி எரித்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையே படகேறி அம்மனுக்கு ஒரு வெள்ளி நாகம் வாங்கி வைத்தார்கள். அடிக்கிறதையும் அடித்துவிட்டு இவ்வளவு மரியாதை.

ஆரணி எழும்பி நின்றுவிட்டாள். கிரேக்கரும் செத்தவர்களின் வாயில் காசு வைத்தார்கள் என்று படபடவென்று பிரெஞ்சில் சொன்னாள். இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று என்னைப் பேசினாள். நீ கேட்கவில்லையே என்றேன். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோசம் என்று எழுத்தில் சொல்ல முடியாது. பாம்பை வைத்தாவது பிள்ளை என்னோடு கதைக்கிறாளே.

3

எங்கள் அம்மன் கோயில் ஒபர்வில்லியேயில் இருக்கிறது. முன்பு கார் ரயர் அடுக்கி வைத்திருந்த கிட்டங்கி. மழைநாளில் இன்னும் சாம்பிராணியை மீறி ரயர் மணக்கும். கோயில் என்று பிரெஞ்சுக்காரனிடம் பதிய முடியாது, கலாசாரச் சங்கம் என்றுதான் பதிந்திருக்கிறது. தீப்பாதுகாப்புக்கு வந்த அதிகாரிகள் அளந்து பார்த்துவிட்டு, அவசரகால வாசல் கர்ப்பக்கிருகத்துக்குப் பின்னால்தான் வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் எங்கள் அம்மனின் தலைக்கு மேலே, அந்த வாசலைக் காட்டுகிற பச்சை விளக்குப் பலகையில் ஒரு மனிதன் எந்நேரமும் தப்பி ஓடிக்கொண்டிருக்கிறான். அகதிகளின் கோயிலுக்கு இதைவிடப் பொருத்தமான வாகனம் வேறு இல்லை என்று நான் ஒருமுறை சொல்லப்போய்க் கூட்டத்தில் பேச்சு வாங்கினேன்.

தலைவர் சிற்றம்பலம் அண்ணை. கடலுணவு மொத்த வியாபாரி. வெள்ளிக்கிழமைகளில் மீனைத் தொடமாட்டார், விற்பதற்குத் தடையில்லை. கோடைத் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் என்னை லா சப்பல் தேத்தண்ணிக் கடைக்கு அழைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு பட்டுத்துண்டை எடுத்து, மசாலா வடைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு விரித்தார். உள்ளே ஒரு காசு.

"பாரும் தம்பி. வடிவாப் பாரும்."

பார்த்தேன். சுருள் சுருளாகச் சுற்றியிருந்த பாம்பு. ஆனால் தலை பாம்புத் தலையில்லை. மனித முகம். அதிலிருந்து நீளமான கூந்தல் தோளுக்கு, பாம்புக்கு ஏது தோள், தோள் இருக்கவேண்டிய இடத்துக்கு இறங்கி விழுந்திருந்தது.

"அம்மாளாச்சி!" என்றேன். என்னையறியாமலே வந்துவிட்டது.

"அதேதான்!" அண்ணை மேசையில் தட்டினார். "நானும் அதையேதான் சொன்னனான். பழஞ்சாமான் சந்தையிலை ஒருத்தன் கண்ட குப்பையோடை போட்டு வச்சிருந்தவன். துருக்கிப் பக்கத்துக் காசாம். துருக்கியிலை ஆர் நாககன்னியைக் கும்பிட்டது? எங்கட பழங்குடி நாகர்தானே தம்பி! கப்பல் ஏறிப் போயிருக்கினம். நாங்கள் இப்பதான் ஐரோப்பாவுக்கு வந்தது எண்டு இவங்கள் நினைக்கிறாங்கள்."

அண்ணையின் திட்டம் தயாராக இருந்தது. திருவிழா அன்று காசை அம்மனின் பாதத்தில் வைப்பது. நகரசபையிலிருந்து துணை மேயர் அம்மா வருகிறார். அவர் முன்னால் ஒரு நிபுணர் பிரெஞ்சில் விளக்கம் கொடுக்கவேண்டும்.

"உம்மட மகள் பழைய காசுதானே படிக்கிறா?"

பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் மருந்தாள மகளின் தகப்பனும் ஒருவர். வாழ்க்கையில் முதல்தடவையாக என் மகளின் படிப்பை லா சப்பல் மரியாதையோடு விசாரித்தது. எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, "ஓம் அண்ணை, அவதான் இதுக்குச் சரியான ஆள்" என்றேன். "அவ பிரெஞ்சிலை சொல்லட்டும். நான் தமிழிலை சொல்லுறன்" என்று மொழிபெயர்ப்பு வேலையையும் நானே கேட்டு வாங்கினேன்.

4

ஆரணி காசைக் கையில் எடுத்ததும் சிரிக்கத் தொடங்கியவள்தான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். நான் பக்கத்தில் பயத்தோடு நின்றேன்.

அதன் பெயர் கிளிக்கோன் என்றாள். கருங்கடல் கரையிலே, ரோமர் ஆட்சியில் இருந்த ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு கெட்டிக்காரன் ஒரு வாத்து முட்டையைக் கோதி, உள்ளே ஒரு குட்டிப் பாம்பை வைத்து மூடி, புதிதாகக் கோயில் கட்ட வெட்டிய கிடங்கின் சேற்றில் ஒளித்து வைத்தான். பிறகு ஊரைக் கூட்டி, இதோ கடவுள் பிறந்திருக்கிறார் என்று முட்டையை உடைத்துக் காட்டினான். சில நாளில் அந்தக் கடவுள் ஒரு ஆள் நீளத்துக்கு வளர்ந்து அவன் மடியில் கிடந்தார். வளர்ந்த பாம்பு வேறு, அது விலைக்கு வாங்கியது. தலை துணியில் செய்து சாயம் பூசியது. குதிரைமயிரைக் கட்டி இழுத்தால் வாய் திறந்து மூடும். அரையிருட்டில் சனம் வரிசையில் வந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகும். அந்த ஊர் அந்தப் பாம்பைத் தன் காசிலேயே அடித்துவிட்டது.

"அப்ப இது பொய்க் கடவுள்" என்றேன்.

ஓம் என்று தலையாட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். காசின் விளிம்பை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். சுற்றிவர மெல்லிய கோடு ஒன்று ஓடியது. அச்சின் இரண்டு பாதியும் பொருந்திய இடம் அது. அசல் காசைச் சுத்தியலால் அடித்துச் செய்வார்கள், இதை அண்மையில் யாரோ வார்த்து, பழசாகத் தெரிய மருந்து பூசி விற்றிருக்கிறார்கள் என்றாள். பொய்க் கடவுளின் பொய்க் காசு. எங்கள் தலைவர் தேடிப் பிடித்திருக்கிறார்.

"பிள்ளை, இதை அப்பிடியே சொல்லத்தான் வேணுமோ?" என்று மெல்லக் கேட்டேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினாள். கோயில் அறிவித்தல் அதற்குள் எல்லார் கைக்கும் போய்விட்டது. பிரெஞ்சிலும் தமிழிலும் அடித்திருந்தார்கள். தமிழ் நாகரின் காசு ஐரோப்பாவில் கண்டுபிடிப்பு, பல்கலைக்கழக ஆய்வாளர் செல்வி ஆரணி உறுதிப்படுத்துகிறார். கீழே அவளுடைய பல்கலைக்கழகத்தின் பெயர். பக்கத்தில் அவள் பதினாறு வயதில் பரதநாட்டியம் ஆடிய படம்.

அடுத்த மாதம் அவளுக்கு முனைவர் பட்ட இடத்துக்கான நேர்முகம் இருந்தது. அதற்காக இரண்டு வருடமாக ராப்பகலாக உழைத்தவள். சந்தையில் வாங்கிய போலிக்காசை அசல் என்று சொன்னவள் என்ற பெயர் விழுந்தால், அந்த நேர்முகத்தில் எந்த முகத்தோடு போய் இருப்பது என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன்.

குசினியிலிருந்து மனைவி வந்தாள். "இஞ்சேருங்கோ, பிள்ளையைக் கேக்காமல் ஆர் உங்களை வாக்குக் குடுக்கச் சொன்னது? உங்கட பெருமைக்குப் பிள்ளையின்ர படிப்போ கிடைச்சது?"

கடைசியில் ஆரணிதான் வழி சொன்னாள். வருகிறேன், ஆனால் உண்மையைத்தான் சொல்வேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னால் அந்த அறிவித்தல் தானாகவே செத்துப்போகும். "நீங்கள் அதை அப்படியே தமிழில் சொல்லவேண்டும், பப்பா. சொல்வீர்கள்தானே?"

"ஓம், ஓம்" என்றேன். சொல்லும்போது உண்மையாகவே சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

5

திருவிழா அன்று கிட்டங்கி நிறைந்துவிட்டது. முன்வரிசையில் துணை மேயர் அம்மா, கழுத்தில் மாலை, நெற்றியில் யாரோ வைத்துவிட்ட பெரிய பொட்டு. அவருக்குப் பக்கத்தில் முசியே அந்துவான். புதுச்சேரிக்காரர், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர். எங்கள் கோயில் அன்னதானத்துக்கு மட்டும் சைவர். பிள்ளைகள் எல்லாம் கடைசிச் சுவரோடு சாய்ந்து கைத்தொலைபேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் பட்டுத்துணியின்மேல் காசு. பக்கத்தில் ஆரணி, அம்மாவின் சேலையில். நான் ஒலிவாங்கியோடு.

"இந்த நாணயத்தில் இருப்பவர் கிளிக்கோன். கருங்கடல் கரையில் ஒருவன் தானே உருவாக்கிய பாம்புக் கடவுள்" என்று பிரெஞ்சில் தொடங்கினாள்.

சனம் என் வாயைப் பார்த்தது. அண்ணை பட்டு வேட்டியோடு, கல்யாணத்தன்று பொம்பிளையின் தகப்பன் நிற்கிற மாதிரிக் கை கூப்பியபடி நின்றார். மருந்தாள மகளின் தகப்பன் மூன்றாவது வரிசையில். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அந்த நிமிடம் மிகவும் இனித்தது. என் வாய் தன்பாட்டில் போனது.

"இதிலை இருக்கிறது மிகப் பழைய ஒரு நாக தெய்வம். கருங்கடல் கரையிலை கோயில் கொண்டிருந்தது எண்டு சொல்லுறா."

"தலை துணியால் செய்தது. மயிரைக் கட்டி இழுத்து வாயைத் திறக்க வைத்தான்" என்றாள்.

"அந்தத் தெய்வம் வாய் திறக்குமாம்!"

"அம்மாளாச்சி!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் எழும்பியது. முசியே அந்துவான் இருமினார்.

"சனம் கேள்விகளை எழுதி முத்திரை வைத்துக் கொடுக்கும். அவன் சூடான ஊசியால் முத்திரையைக் கழற்றிப் படித்துவிட்டு, மறுபடி ஒட்டி, பதிலோடு திருப்பிக் கொடுப்பான்."

"மூடி வச்ச கேள்விக்கும் திறந்து பாராமலே பதில் சொல்லுமாம்!"

கைதட்டல். முசியே அந்துவான் இந்தமுறை சளி இழுக்கிற மாதிரி இருமிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "என்னா சார், பொண்ணு சொல்றது ஒண்ணு, நீங்க சொல்றது ஒண்ணா இருக்குதே" என்றார். கடைசிச் சுவரிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் பிரெஞ்சு தாய்மொழி மாதிரி. அவர்கள் தொடக்கத்திலிருந்தே இரண்டையும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கைத்தொலைபேசிகள் இப்போது என்னை நோக்கித் திரும்பியிருந்தன.

ஆரணி என்னைப் பார்க்காமலே அடுத்ததைச் சொன்னாள். "இந்த நாணயமும் அசல் அல்ல. அண்மையில் வார்த்த பிரதி."

"இப்பிடி ஒரு காசு கிடைக்கிறது கனக்க அரிது எண்டு..."

நான் முடிக்கவில்லை. அவள் திரும்பினாள். கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை. குழந்தைப்பிள்ளையாக இருக்கும்போது பள்ளிக்கூட வாசலில் நான் வரப் பிந்தினால் ஒரு முகம் வைத்துக்கொண்டு நிற்பாள். அந்த முகம். ஒலிவாங்கியில், பிரெஞ்சில், நிதானமாகச் சொன்னாள்: "பப்பா, நான் சொன்னதைச் சொல்லுங்கள்."

மண்டபம் காத்திருந்தது. துணை மேயர் அம்மா புன்னகையோடு என்னைப் பார்த்தார். அண்ணை கேட்டார்: "என்னவாம் தம்பி? சொல்லுமன்."

மொழிபெயர்ப்பாளன் நான். வேறு என்ன செய்வது?

"'அப்பா, நான் சொன்னதைச் சொல்லுங்கோ' எண்டு சொல்லுறா" என்றேன்.

கடைசிச் சுவர் வெடித்துச் சிரித்தது. எனக்கு மானம் போய்விட்டது. போனபிறகு ஒரு வசதி, இனிப் போவதற்கு ஒன்றுமில்லை. முதலிலிருந்து தொடங்கினேன். வாத்து முட்டை, துணித்தலை, குதிரைமயிர், சூடான ஊசி, காசின் விளிம்பில் ஓடிய கோடு எல்லாவற்றையும் சொன்னேன். "இது நாகபூசணி அம்மனும் இல்லை, நாகரின்ர காசும் இல்லை, பழைய காசும் இல்லை. என்ர மகள் எதையும் உறுதிப்படுத்தேல்லை. அறிவித்தலிலை அவவின்ர பேரைப் போட்டது பிழை. பிழை அவவிலை இல்லை, என்னிலை" என்று முடித்தேன். முசியே அந்துவான் மட்டும் கைதட்டினார்.

6

மழை இல்லாத நாளிலும் ரயர் மணந்தது. சிற்றம்பலம் அண்ணை ஒலிவாங்கியை என் கையிலிருந்து வாங்கினார். சங்கத்திலிருந்து என்னை நீக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"பிள்ளை சொன்னது சரி" என்றார். "படிச்ச பிள்ளை. காசு புதுசுதான். ஆனா ஒண்டு கேக்கிறன். நாங்கள் நேர்த்திக்கு அம்மனுக்கு வைக்கிற வெள்ளி நாகம் என்ன, பழசோ? போன கிழமை லா சப்பல் நகைக்கடையிலை வாங்கினதுதானே? பழசோ புதுசோ எண்டு அம்மாள் ஒருநாளும் கேட்டவவே? இதுவும் ஒரு நாகம். நான் நேர்த்திக்கு வைக்கிறன். ஐயா, பூசையைத் தொடங்குங்கோ!"

மேளம் முழங்கியது. ஆரணி என் காதுக்குள், அந்த மனிதர் சொல்வதில் பிழையே இல்லை, கிரேக்கரும் அதைத்தான் செய்தார்கள் என்று பிரெஞ்சில் சொன்னாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னோடு கதைத்துவிட்டாள் என்பதே எனக்குப் போதும். துணை மேயர் அம்மா கண்கலங்கி, உயிருள்ள மரபு என்று ஏதோ சொல்லி எல்லாருக்கும் கை கொடுத்தார். சங்கத்துக்காரர் ஒருவர் ஏணி வைத்து ஏறி, வாசல் பதாகையில் இருந்த ஆரணியின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் கறுப்பு ஒட்டுநாடாவால் மறைத்தார். பரதநாட்டியப் படத்தை மறைக்க நாடா போதவில்லை. காசு அம்மனின் பாதத்துக்குப் போனது. ஓடுகிற பச்சை மனிதனுக்குக் கீழே கூந்தல் பாம்பு குடியேறிவிட்டது.

சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒரு அம்மா எங்களிடம் வந்தார். வில்லியே லே பெல்லில் மகள் வீட்டில் இருக்கிறவர். வந்து கொஞ்சக் காலம்தான், பிரெஞ்சு தெரியாது. நான் முகத்தை மட்டும் கண்டிருக்கிறேன். ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீங்கள் சொன்னது முழுக்கக் கேட்டனான். அந்தப் பாம்பிட்டைச் சனம் கேள்வி எழுதிக் குடுத்தது எண்டியள். என்னத்தைக் கேட்டவை?"

ஆரணி யோசித்துத் தமிழில் சொல்லப் பார்த்தாள். "வருத்தம்... சுகம் வருமோ எண்டு. பிள்ளை பிறக்குமோ எண்டு..." சொல் வராமல் என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் தொடர்ந்தாள். நான் சொன்னேன்: "தொலைஞ்சு போன ஆக்கள் எங்கை இருக்கினம் எண்டும் கேக்கிறவையாம்."

அந்த அம்மா பிடித்த கையை விடவில்லை.

"என்ர மூத்தவனும் கடைசிச் சண்டையோடை காணாமல் போனவன்" என்றார். "ஆமிக்காரரிட்டைக் கையிலை பிடிச்சுத்தான் குடுத்தனான். எல்லா இடமும் பதிஞ்சாச்சு. சாத்திரியாரிட்டையும் போனனான்." பிறகு ஆரணியை நேரே பார்த்தார். "அப்ப அந்தப் பாம்பு என்ன சொன்னது பிள்ளை? வருவினம் எண்டு சொன்னதோ?"

ஆரணியின் வாய் திறந்து மூடியது. என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், பிரெஞ்சில் வேகமாகச் சொன்னாள். அந்தப் பாம்புக்காரன் எல்லாருக்கும் நம்பிக்கையாகத்தான் பதில் எழுதியிருப்பான், அதுதான் அவனுடைய தொழில், யாரும் திரும்பி வந்ததாக எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை.

அந்த அம்மா என் வாயைப் பார்த்தார். நான் மூச்சை இழுத்து, சொன்னதைச் சொன்னபடி சொல்லத் தயாரானேன்.

ஆரணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "வேண்டாம், பப்பா" என்றாள் பிரெஞ்சில். "இதை மொழிபெயர்க்காதீர்கள்."

பிறகு அந்த அம்மாவின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு, "வாங்கோ அன்ரி" என்றாள் தமிழில். "அந்தக் காசு அங்கை அம்மனடியிலை இருக்கு. நான் கூட்டிக்கொண்டு போறன்."